குமரி மாவட்டம் சுத்திப் பாக்க வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எனக்கு தக்கலை பக்கம். வெளியூர்ல வேல பாக்குற கூட்டாளிங்க, அவங்க ஆபீஸ் ஆளுங்க, சொந்தக்காரங்களுக்கு சொந்தக்காரங்கன்னு லீவு வந்தாலே யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்துடுவாங்க, கேக்குறது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் சேத்து இங்க போட்டுட்டேன். வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னத திரும்ப சொல்லல.

கன்னியாகுமரிக்கு ஒரு நாள் போதுமா ப்ரோ?

கன்னியாகுமரிங்குற ஊருக்கு ஒரு நாள் தாராளம், மாவட்டத்துக்கு பத்தவே பத்தாது. வர்றவங்கள்ல முக்காவாசி பேர் முனையில அம்மன் கோயில், பாறை, வள்ளுவர் சிலை, காந்தி மண்டபம் பாத்துட்டு சிப்பி மாலை வாங்கிட்டு ராத்திரி ரயில் ஏறிடுறாங்க, மேக்க ஒரு பெரிய ஊர்க்கூட்டமே இருக்குன்னு தெரியாமலே போயிடுறாங்க. எனக்கு அதுதான் ஆதங்கம்.

மாவட்டம் அளவுல சின்னது, சுமார் 1,684 சதுர கிலோமீட்டர்தான். ஆனா கடற்கரை, வயல், குளம், ரப்பர் தோட்டம், காட்டு மலை எல்லாமே அதுக்குள்ள வந்துடும். காலைல கடல்ல நின்னவங்க மதியத்துக்குள்ள அருவியில குளிக்கலாம், தமிழ்நாட்டுல இப்படி வேற மாவட்டம் சொல்றது கஷ்டம். கொறஞ்சது மூணு நாள் ஒதுக்குங்க, நாலு நாள்னா நிம்மதியா பாக்கலாம்.

ரூம் கன்னியாகுமரில போடவா நாகர்கோவில்லயா?

மொத நாள் ராத்திரி கன்னியாகுமரில தங்குங்க, விடிகாலைல சூரியன் பாக்க நடந்தே போயிடலாம். மத்த நாளைக்கு நாகர்கோவில், இல்லேன்னா தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வந்துடுங்க. தினமும் முனைக்கு திரும்பிப் போனா ரோட்டுலயே பாதி நாள் போயிடும், நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி 20 கிலோமீட்டர் கிட்டதான், ஆனா அங்க இருந்து மேக்க போற தக்கலை மார்த்தாண்டம் ரோட்டுல டிராபிக் ரொம்ப ஜாஸ்தி.

சன்ரைஸ் சன்செட் ரெண்டும் ஒரே இடத்துல கடல்ல தெரியும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், ஆனா வருஷம் பூரா கிடையாது. சூரியன் தெக்க சாஞ்சு போற மாசங்கள்ல, அதாவது ஏறக்குறைய அக்டோபர் நடுவுல இருந்து மார்ச் நடு வரைக்கும், முனையில நின்னா உதிக்கிறதும் மறையுறதும் கடல்லயே தெரியும். மே ஜூன்ல வந்தீங்கன்னா சூரியன் வடமேக்க, கரை பக்கமா சாஞ்சுடும், கடலுக்குள்ள இறங்குறது தெரியாது. அந்த சமயத்துல முனையில காத்து நிக்காம முட்டம், சங்குத்துறை மாதிரி மேக்கு கடற்கரைக்கு சாயங்காலம் போயிடுங்க.

சித்திரா பௌர்ணமிக்கு வர முடிஞ்சா கட்டாயம் வாங்க. மேக்க சூரியன் இறங்குற அதே நேரம் கிழக்க முழு நிலா கடல்ல இருந்து எழும்பும். அன்னைக்கு கூட்டம் ரொம்ப இருக்கும், ரூம் முன்னாடியே போட்டுக்கோங்க. எந்த மாசமா இருந்தாலும் மேகம் வந்தா ஒண்ணும் செய்ய முடியாது, ரெண்டு காலை கையில இருக்குற மாதிரி பிளான் போடுறது நல்லது.

விவேகானந்தர் பாறைக்கு போட் எப்போ? கண்ணாடி பாலம் போக தனியா போணுமா?

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்தான் படகு விடுறாங்க, காலைல 8 மணி வாக்குல தொடங்கும், சாயங்காலம் 4 மணியோட டிக்கெட் முடிஞ்சிடும். சூரியோதயம் பாத்துட்டு அப்படியே போய் க்யூல நிக்கிறவங்களுக்கு சீக்கிரம் கிடைக்கும், டிபன் சாப்பிட்டு ரூம்ல குளிச்சுட்டு 10 மணிக்கு வந்தா லீவு நாள்ல வெயில்ல நிக்க வேண்டியதுதான். காத்து கூடி கடல் கொந்தளிச்சா படகு நிறுத்திடுவாங்க, ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல இது அடிக்கடி நடக்கும். நிறுத்தினா சண்டை போடாதீங்க, கடல தெரிஞ்சவங்க உங்க உயிருக்காகத்தான் நிறுத்துறாங்க.

விவேகானந்தர் 1892 டிசம்பர்ல தியானம் பண்ணின பாறை அது, நினைவு மண்டபம் 1970ல தொறந்தாங்க, அதுக்காக ஏக்நாத் ரானடே நாடு பூரா ஆதரவு திரட்டி உழைச்சாரு. பக்கத்து பாறையில 133 அடி வள்ளுவர், கணபதி ஸ்தபதி வடிச்சது, 2000 ஜனவரி 1ல தொறந்தது. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலோட 38 அதிகாரம், மேல சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேந்த அதிகாரம். இத பிள்ளைங்களுக்கு சொல்லிட்டு அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க, சிலையவே வேற மாதிரி பாப்பாங்க. ரெண்டு பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடி பாலம் 2024 டிசம்பர் 30ல தொறந்துட்டாங்க, பாறையில இறங்கினா நடந்தே வள்ளுவர்கிட்ட போயிடலாம்.

மூணு கடலும் மூணு கலர்ல தெரியுமா? கலர் மண்ணு இருக்காமே?

கோடு போட்ட மாதிரி மூணு கலர் தெரியும்னு எதிர்பாத்து வராதீங்க. வெயில், மேகம், அலை, ஆழத்தப் பொறுத்து தண்ணி நிறம் மாறும், அவ்ளோதான். குமரி அம்மன் தவம் பண்ற கடற்கரை, ஜனங்க தலைமுறை தலைமுறையா வந்து மூணு கடல்னு கும்பிட்டு முங்கி எழுந்திரிக்கிற இடம், அந்த நம்பிக்கையோட நின்னு பாத்தாலே மனசு நெறையும்.

மண்ணு விஷயம் நிஜம். சுசீந்திரத்து சிவனுக்கும் குமரி அம்மனுக்கும் நடக்க இருந்த கல்யாணம் நின்னு போனப்போ சமைக்க வெச்சிருந்த அரிசியும் தானியமும் மண்ணா மாறிடுச்சுன்னு கதை. கருப்பு, சிவப்பு, வெள்ளைன்னு மண்ணு கெடக்குறதுக்கு காரணம் இல்மனைட், கார்னெட், மோனசைட், சிர்கான் மாதிரி தாதுக்கள். கதையும் காரணமும் ரெண்டையும் தெரிஞ்சுகிட்டு அந்த மண்ண கையில எடுத்துப் பாருங்க, ஆனா பாட்டில்ல அள்ளிட்டு போகாதீங்க.

எந்த பீச் நல்லாருக்கும்? குளிக்கலாமா?

சுமார் 70 கிலோமீட்டர் கரை இருக்கு, ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. சொத்தவிளை நீளமான மணல் கரை, குடும்பத்தோட சாயங்காலம் உக்கார ஏத்த இடம். சங்குத்துறை நாகர்கோவில்ல இருந்து கிட்ட. மணக்குடில பழையாறு கடல்ல சேர்ற காயல், அலையாத்தி மரங்கள், காலை நேரம் ரொம்ப அழகு. முட்டம் பாறையும் கலங்கரை விளக்கமும், போட்டோக்காரங்க விடமாட்டாங்க. மேக்க போயிட்டா தேங்காப்பட்டணம், குழித்துறை தாமிரபரணி ஆறு அங்கதான் கடல்ல விழுது. வட்டக்கோட்டை தனியா சொல்றேன், வரலாறு கேள்வியில இருக்கு.

குளிக்கிறத பத்தி கொஞ்சம் கண்டிப்பா சொல்லணும். எங்க கடல் அமைதியா தெரிஞ்சாலும் கீழ இழுக்கும், கரையில இருந்து நாலு எட்டு வெச்சா ஆழம் போயிடுற இடம் நிறைய. அதுக்கு மேல கள்ளக்கடல்னு ஒண்ணு இருக்கு, இங்க காத்தும் இல்லாம மழையும் இல்லாம இருக்கும்போதே எங்கயோ தூரத்து தென் சமுத்திரத்துல அடிச்ச புயலோட அலை வந்து திடீர்னு கரையேறும். 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில சிக்கி இறந்தது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நேரத்துலதான். கடல் எச்சரிக்கை வந்திருக்கான்னு அன்னைக்கு காலைல நியூஸ்ல பாத்துட்டு போங்க, அதவிட நல்லது கரையில வலை பின்னிட்டு இருக்குற அண்ணன்மார்கிட்ட ‘இன்னைக்கு கடல் எப்படிண்ணே’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம். முட்டத்துல பாறை நுனில போய் செல்ஃபி எடுக்கவே எடுக்காதீங்க, பாசி புடிச்ச பாறை, ஒரு அலை போதும்.

இன்னொண்ணு, கடற்கரை ஊர்னா அது ஜனங்க வாழுற இடம். 2004 சுனாமில குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் குடும்பம் குடும்பமா இறந்திருக்காங்க. குடிச்சுட்டு பாட்டில் உடைக்கிறது, வீட்டு வாசல்ல நின்னு கேக்காம போட்டோ எடுக்குறது இதெல்லாம் வேணாம்.

மழை சீசன் எப்போ? எந்த மாசம் பெஸ்ட்?

எங்களுக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து வடகிழக்கு. அதனாலதான் மேக்க ரப்பரும் பலாவும் மிளகுமா பச்சையா இருக்கு, கிழக்க ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் போனா மழை கொறஞ்சு, கரண்ட் எடுக்குற காத்தாடியா சுத்துது. ஒரே மாவட்டத்துல ரெண்டு சீதோஷ்ணம்.

டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரை வர்றது எல்லாத்துக்கும் சௌகரியம், கடலும் அடங்கி இருக்கும், அருவிலயும் தண்ணி இருக்கும், குளங்கள்ல வெளிநாட்டு பறவையும் இருக்கும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேந்தது, பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வாங்க. எனக்கு புடிச்சது ஜூலைதான், சாரல் அடிக்கும், மலை பூரா மேகம் உக்காந்திருக்கும், ஆனா படகு ஓடுமான்னு உத்தரவாதம் இல்ல, மேல சொன்னேன்ல.

கோயில்ல ஆம்பிளைங்க சட்டை கழட்டணுமாமே?

ஆமா. சுசீந்திரம், குமரி அம்மன், திருவட்டாறு மூணுலயும் சட்டை கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், வேட்டி கட்டிட்டு வந்தா இன்னும் நல்லது. மதியம் நடை சாத்திடுவாங்க, 12 மணிக்கு மேல எந்தக் கோயிலுக்கும் கிளம்பாதீங்க, நாலு மணி நாலரைக்குத்தான் திரும்பத் தொறப்பாங்க. சாமிதோப்புல அய்யாவழிக்காரங்க கும்பிடுற இடத்துக்கு பதின்னு பேரு, அங்க வழக்கம் வேற, சட்டைய கழட்டி தலைப்பாகை கட்டிட்டு போகணும். குனிஞ்சு நிக்க வெச்ச காலத்துல ஒவ்வொருத்தர் தலைக்கும் கிரீடம்னு அய்யாவழிய தொடங்கின அய்யா வைகுண்டர் சொல்லிக் குடுத்த வழி அது, உள்ள கண்ணாடி முன்னாடிதான் கும்பிடணும். அங்க போறவங்க இத தெரிஞ்சுட்டு போனா நல்லாருக்கும்.

சுசீந்திரத்துல 134 அடி ராஜகோபுரம், தட்டினா இசை வர்ற கல்தூண், 18 அடி ஆஞ்சநேயர். தூண நீங்களா தட்டிப் பாக்காதீங்க. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளமா பள்ளி கொண்டிருக்காரு, 16,008 சாளக்கிராமம் சேத்து செஞ்ச திருமேனி, மூணு வாசல் வழியா பாத்தாத்தான் முழுசா தெரியும், நம்மாழ்வார் பாடின தலம். நானூறு வருஷத்துக்கு மேல கழிச்சு 2022 ஜூலைலதான் கும்பாபிஷேகம் நடந்தது. கூட்டம் இல்லாத காலைல அந்தப் பிரகாரத்துல ஒரு சுத்து நடங்க.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுல இருக்கு, ஆனா கேரளாக்காரங்க டிக்கெட் குடுக்குறாங்களே, எப்படி?

தக்கலையில இருந்து ரெண்டு கிலோமீட்டர்தான், நிலம் நம்ம மாவட்டம், அரண்மனைய பாத்துக்கிறது கேரள தொல்லியல் துறை. திருவிதாங்கூர் ராஜாக்களோட தலைநகரா இருந்த இடம் இது, 1795ல தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு போயிடுச்சு. 1956ல மாவட்டம் இங்க சேந்தப்பவும் அரண்மனை நிர்வாகம் அங்கயே இருந்துடுச்சு. திங்கக்கிழமை லீவு, இத எழுதி வெச்சுக்கோங்க, கேட்டுக்கு வந்து திரும்பிப் போறவங்கள வாரா வாரம் பாக்குறோம். மதியம் ஒரு மணி வாக்குல சாப்பாட்டு இடைவேளையும் உண்டு.

உள்ள அவசரப்படாதீங்க. 1601 வாக்குல தொடங்கி மார்த்தாண்ட வர்மா காலத்துல பெருசா எழும்பின மர அரண்மனை. ராஜா ஆலோசனை நடத்துன மந்திரசாலை ஜன்னல்ல வெளிச்சம் எப்படி இறங்குதுன்னு பாருங்க, சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து மெழுகின கருப்பு தரை இன்னைக்கும் முகம் தெரியுற அளவு மின்னுது, மூலிகை மரத்துல செஞ்ச கட்டில், ஊட்டுப்புரைன்னு சொல்ற சாப்பாட்டு மண்டபம், பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்து செதுக்குத் தூண். நவராத்திரிக்கு முன்னாடி வந்தா இங்க இருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூணு பேரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமா கிளம்புறத பாக்கலாம். எல்லை ரெண்டாகி எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த ஊர்வலம் நிக்கவே இல்ல.

மலைப் பக்கம் என்ன பாக்கலாம் அண்ணே? அருவியில தண்ணி இருக்குமா?

குலசேகரம் பக்கம் ஒரு நாள் முழுசா வெச்சுக்கோங்க. மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, பேச்சிப்பாறை மூணும் ஒரே சுத்துல வந்துடும், திருவட்டாறு கோயிலும் அதே வழிதான். பேச்சிப்பாறை அணையால திற்பரப்பு அருவியில அனேக மாசம் தண்ணி இருக்கும், சுமார் 50 அடி உயரம், பக்கத்துலயே மகாதேவர் கோயில். மழைல வெள்ளம் கூடினா குளிக்க விடமாட்டாங்க.

மாத்தூர் தொட்டிப்பாலத்த பாலம்னு நினைச்சு வர்றாங்க, அது தண்ணி போற தொட்டி. பறளியாறு ஓடுற பள்ளத்தாக்குக்கு குறுக்க ஒரு மலையில இருந்து இன்னொரு மலைக்கு வாய்க்கால் தண்ணிய கொண்டு போக காமராஜர் காலத்துத் திட்டமா வந்து 1960களில் கட்டினது, உயரம் 115 அடி, நீளம் 1,240 அடி, 28 தூண். மேல நடக்கும்போது ஒரு பக்கம் உங்க காலடிக்கு கீழ தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் கால்வாய்த் தண்ணி. மேல நடந்து முடிச்சுட்டு படியில கீழ இறங்கி ஆத்துல இருந்து அண்ணாந்தும் பாருங்க, முக்காவாசி பேர் இறங்காமலே போயிடுறாங்க. பேச்சிப்பாறை அணை 1906ல முடிஞ்சது, கட்டின இன்ஜினியர் மிஞ்சின் துரையோட கல்லறையும் அணைகிட்டயே இருக்கு.

ட்ரெக்கிங் போலாமா? மேல் கோதையாறு, காளிகேசம் எல்லாம் ரீல்ஸ்ல பாத்தேன்

தைரியமா போகக்கூடியது ரெண்டு. ஒண்ணு மருந்துவாழ்மலை, பொத்தையடி பக்கத்துல இருக்கு, அனுமார் தூக்கிட்டு போன சஞ்சீவி மலையில இருந்து விழுந்த துண்டுன்னு சொல்லுவாங்க. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை மேல இருக்கு. நிழல் கம்மி, விடியுறதுக்கு முன்னாடி ஏறிடணும், மேல போனா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காத்தாடி, நடுவுல குளங்கள். குரங்கு இருக்கு, கையில பிளாஸ்டிக் கவர் தொங்கவிடாதீங்க, தண்ணி பாட்டில திரும்பக் கொண்டு வாங்க. ரெண்டாவது சிதறால், மார்த்தாண்டத்துல இருந்து ஏழு கிலோமீட்டர், கல் பாவின வழி, அரை மணி நேரத்துல ஏறிடலாம்.

காளிகேசம், கீரிப்பாறை எல்லாம் வனத்துறை செக்போஸ்ட் தாண்டித்தான். மாவட்டத்துல 402 சதுர கிலோமீட்டர் வன உயிரின சரணாலயம், யானை உண்டு, மழை காலத்துல அட்டை உண்டு, ஆத்துல திடீர்னு தண்ணி வரும். அன்னைக்கு விடுறாங்களான்னு கேட்டுட்டு போங்க, சாயங்காலத்துக்கு முன்ன இறங்கிடுங்க. மேல் கோதையாறு இங்க கீழ இருந்து கார்ல ஏறிப் போற இடம் இல்ல, ரோடு மாஞ்சோலை வழியா, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள. வனத்துறை அனுமதி இல்லாம கூட்டிட்டு போறேன்னு யாராவது சொன்னா போகாதீங்க. ரீல்ஸ்ல பாத்த இடத்துக்கெல்லாம் போய்த்தான் ஆகணும்னு இல்ல, கொஞ்சம் காடு காடாவே இருக்கட்டும்.

சிதறால்ல சமணக் கோயில்னு சொல்றாங்க, மேல போனா பகவதி அம்மன் இருக்கே?

ரெண்டும் சரி. பாறையில வரிசையா தீர்த்தங்கரர்கள செதுக்கி வெச்சிருக்காங்க, ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்துக் கல்வெட்டு உண்டு, ஒன்பதாம் நூற்றாண்டு. பின்னாடி 13ஆம் நூற்றாண்டு வாக்குல பகவதி கோயிலா ஆச்சு. நாகர்கோவில் நாகராஜா கோயில்லயும் தூண்ல பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்காங்க, அங்க கருவறைக்கு இன்னைக்கும் ஓலைக் கூரைதான், பிரசாதம் புத்து மண்.

இந்த மண்ணுல ஒண்ணு மேல ஒண்ணா எல்லாம் இருக்கு. திருவிதாங்கோடு அரப்பள்ளிங்குற பழைய சர்ச்ச இயேசுவோட சீடர் தோமையார் கி.பி. 63ல கட்டினதா நம்புறாங்க, தக்கலையில ஞானப்பாடல் பாடின பீர் முகமது அப்பா தர்கா, கோட்டாறு சவேரியார் பேராலயம், மண்டைக்காட்டுல பெண்கள் இருமுடி கட்டி வர்ற புத்து பகவதி. ஒரே நாள்ல தக்கலைய சுத்தியே இதுல பாதி பாத்துடலாம். சவேரியார் திருவிழா டிசம்பர் 3க்கு எங்க மாவட்டத்துக்கே லோக்கல் லீவு.

வரலாறு புடிக்கும், ஆனா கோயில் கோயிலா போக வேணாம்னா என்ன வழி?

அப்ப டிலனாய் வழிய புடிச்சு போங்க, நான் எல்லாருக்கும் சொல்ற ரூட் இது. 1741 ஆகஸ்ட்ல குளச்சல்ல டச்சு படைய மார்த்தாண்ட வர்மா தோக்கடிச்சாரு, அங்க கடற்கரை பக்கம் நினைவுத் தூண் இருக்கு. அந்தச் சண்டையில புடிபட்ட யூஸ்டேசியஸ் டிலனாய் அப்புறம் அதே ராஜாவோட படைக்கு தளபதியா ஆனாரு. அடுத்து தக்கலை புலியூர்குறிச்சி உதயகிரி கோட்டை, 1777ல செத்த அவரோட கல்லறை உள்ள இடிஞ்ச ஆலயத்துல இருக்கு, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. அப்புறம் கிழக்க வட்டக்கோட்டை, அவர் பலப்படுத்தின கடற்கோட்டை, மேல நின்னா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலைத்தொடர், கீழ கருப்பு மணல்.

இதே கதையில இன்னொரு ஆள் உண்டு. நட்டாலத்துல பொறந்த தேவசகாயம் பிள்ளை, டிலனாயோட பழக்கத்துல 1745ல கிறிஸ்தவரானாரு, 1752ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க, கோட்டாறு பேராலயத்துல அடக்கம், 2022 மே மாசம் புனிதரா அறிவிச்சாங்க. குளச்சல்ல தொடங்கி கோட்டாறுல முடிச்சா கடலோரம், மலையடிவாரம், டவுன் மூணும் ஒரே கதையோட பாத்த மாதிரி ஆகும்.

நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்? உங்க ஊர் ஸ்பெஷல் என்ன?

கடை பேர் சொல்லமாட்டேன், மாறிட்டே இருக்கும். கேக்க வேண்டியத சொல்றேன். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் கறியும், தேங்கா அரைச்சு வெச்ச மீன் குழம்பு, நாகர்கோவில் பக்கம் ரசவடை, நேந்திரங்கா சிப்ஸ், பழம்பொரி, சாயா. கல்யாணச் சாப்பாட்டுக்கு யாராவது கூப்பிட்டா விட்டுடாதீங்க, பருப்பு பப்படத்துல தொடங்கி சாம்பார், அவியல், எரிசேரி, புளிசேரின்னு போயி பாயசத்துல முடியும். சீசன்ல செங்கவருக்கை மாம்பழம், சக்கைப்பழம்னு சொல்ற பலாப்பழம், பனங்காட்டு பக்கம் காலைல அக்கானி, அதாவது பதநீர்.

வாங்கிட்டு போறதுன்னா மட்டிப்பழம், மார்த்தாண்டம் தேன், மலை கிராம்பு. மூணுக்கும் புவிசார் குறியீடு உண்டு. மட்டிப்பழம் விரல் நீளம்தான், அந்த வாசனைக்கு வேற பழம் கிடையாது, பிள்ளைங்களுக்கு மொத மொதல்ல குடுக்குற பழம் எங்க ஊர்ல இதுதான். விடிகாலைல தோவாளை பூச்சந்தை போனா மலை மலையா பூ கெடக்கும், ஓணம் சமயத்துல பாக்கணும்.

கார் இல்ல, பஸ்ஸுல சுத்த முடியுமா?

நல்லாவே முடியும். நாகர்கோவில் வடசேரி பஸ்ஸ்டாண்டும் அண்ணா பஸ்ஸ்டாண்டும்தான் மையம். தக்கலை மார்த்தாண்டம் பஸ் வந்துட்டே இருக்கும், அரண்மனைக்கு தக்கலையில இறங்கி ஆட்டோ. திற்பரப்புக்கு குலசேகரம் போய் மாறணும். சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இலவசம், வெளியூர்க்காரங்களுக்கும்தான். சிதறால், வட்டக்கோட்டை, மாத்தூர் இதுக்கெல்லாம் பஸ் கொஞ்சம் கம்மி, ஆட்டோ பேசிட்டு காத்திருக்கச் சொல்லிடுங்க.

அம்மாவுக்கு மூட்டு வலி, எதெல்லாம் தவிர்க்கலாம்?

மருந்துவாழ்மலையும் சிதறாலும் விட்டுடுங்க, அரண்மனையில செங்குத்தான மரப்படி ஏறி இறங்கணும், கீழ்த்தள பகுதியோட நிறுத்திக்கலாம். மாத்தூர்ல மேல மட்டும் நடந்தா போதும். சுசீந்திரம், மணக்குடி காயல், சொத்தவிளை, வட்டக்கோட்டை அவங்களுக்கு சிரமம் இருக்காது. படகுல ஏறி இறங்கும்போது அலை ஆட்டும், கைய புடிச்சு விடுங்க.

சிவாலய ஓட்டம் பாக்க வரலாமா? வெளியூர்க்காரங்க ஓடலாமா?

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறை திருமலைல தொடங்கும். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியா திருநட்டாலம், பன்னெண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல. காவி கட்டி கையில பனையோலை விசிறியோட ஓடுவாங்க, சிவன் கோயிலுக்கு ஓடுறவங்க வாய்ல ‘கோவிந்தா கோபாலா’. பாதி மனுஷன் பாதி மிருகமான புருஷாமிருகத்துகிட்ட இருந்து தப்பிக்க பீமன் அப்படி கூப்பிட்டுட்டே ஓடினான்னு ஐதீகம்.

யாரும் ஓடலாம், ஆனா விரதம் இருந்து வர்றதுதான் முறை, வெறும் கால்ல தார் ரோடு, பழக்கம் இல்லாதவங்களுக்கு கால் கொப்புளிச்சுடும். வண்டியில போய் பன்னெண்டும் கும்பிடுறவங்களும் நிறைய. பாக்க மட்டும் வர்றீங்கன்னா வழியில ஏதாவது ஊர்ல நின்னு, வீட்டு வாசல்ல பானகமும் கஞ்சியும் ஊத்திக் குடுக்குறவங்களோட சேந்து ஒரு கை குடுங்க, அதவிட கிட்ட இருந்து எங்க ஊர பாக்க முடியாது. அன்னைக்கு கார் ஓட்டுறவங்க தயவு செஞ்சு மெதுவா ஓட்டுங்க.

மணவாளக்குறிச்சி பக்கம் மண்ணுல கதிர்வீச்சு இருக்காம், குழந்தையோட போலாமா?

கலர் மண்ணு கேள்வியில சொன்ன மோனசைட்ல தோரியம் இருக்கு, அதனால அந்தக் கரையில இயற்கையான கதிர்வீச்சு மத்த இடத்தவிட கூட. மணவாளக்குறிச்சியில மத்திய அரசு நிறுவனம் இந்த தாதுக்கள பிரிக்குது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கரையில இருந்துட்டு வர்றதுக்கு பயப்பட ஒண்ணும் இல்ல. அங்கயே காலம் பூரா வாழுற ஜனங்களோட கவலை வேற, மண் எடுக்குறதுக்கு கடற்கரை ஊர்கள்ல பல வருஷமா எதிர்ப்பு இருக்கு, அத ஒரு செய்தியா கடந்து போகாம கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

குமரிக்கண்டத்தோட மிச்சம் எங்கயாவது பாக்க முடியுமா? லெமூர் பீச் அதுதானா?

இல்ல. லெமூர் பீச்சுங்குறது பேர் மட்டும்தான். லெமூரியாங்குறது 1864ல ஸ்கிளேட்டர்னு ஒரு விலங்கியலாளர் சொன்ன யூகம், கண்டங்கள் நகருதுன்னு தெரிஞ்சப்புறம் அறிவியல் அத விட்டுடுச்சு. பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடல் கொண்டதுன்னு சிலப்பதிகாரம் சொல்றது வேற விஷயம், அது நம்ம இலக்கிய நினைவு, கடற்கரைல வாழ்ந்தவங்களுக்கு கடல் ஊர தின்னதோட நினைவு. மணக்குடியில சுனாமி பாலத்தையே புரட்டிப் போட்டத பாத்தவங்களுக்கு அந்த வரி சும்மா வரியா தெரியாது.

நீங்க தமிழ்நாடா கேரளாவா? பேச்சு மலையாளம் மாதிரி இருக்கே?

தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ல சேந்தோம், சும்மா சேரல, மார்ஷல் நேசமணி தலைமையில போராடி, 1954 ஆகஸ்ட் 11ல புதுக்கடையிலயும் மார்த்தாண்டத்துலயும் துப்பாக்கிச்சூட்டுல உயிர் குடுத்து சேந்தது. இந்தக் கேள்விய இங்க வந்து கேக்கும்போது அத மனசுல வெச்சுக்கோங்க. ஜீவா பூதப்பாண்டி, கவிமணி தேரூர், கலைவாணர் நாகர்கோவில், எல்லாரும் இந்த மண்ணுதான். விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்து பேசுவாங்க, கடற்கரையில ஒரு மாதிரி, நாஞ்சில் நாட்டுல ஒரு மாதிரி. ரெண்டு நாள் இருந்தா காதுக்கு பழகிடும்.

சனி ஞாயிறு திங்கள் மூணு நாள்தான் லீவு, மழையும் சொல்லிருக்காங்க. எப்படி பிரிக்கிறது?

திங்கள் அரண்மனை இல்ல, அத மொதல்ல கணக்குல எடுங்க. சனி காலை சூரியோதயம், உடனே படகு, படகு நிறுத்திட்டா காத்திட்டு நிக்காம நேரா வட்டக்கோட்டை போயிடுங்க, நடை சாத்துறதுக்குள்ள சுசீந்திரம், சாயங்காலம் சொத்தவிளை. ஞாயிறு காலை தொறந்ததும் அரண்மனை, மதியம் உதயகிரி, சாயங்காலம் வெயில் சாஞ்சப்புறம் முட்டம். திங்கள் காலை திருவட்டாறு, அப்புறம் மாத்தூர், திற்பரப்பு, அங்க குளிக்க விடலேன்னா பேச்சிப்பாறை போய் அணைகிட்ட மேகம் இறங்குறத பாத்துட்டு வாங்க. பாறைக்குப் போக முடியாம போச்சேன்னு ஞாயித்துக்கிழமை திரும்பவும் முனைக்கு ஓடாதீங்க, திங்கக்கிழமை ராத்திரி ரயில்னா ஆறு மணிக்கெல்லாம் குலசேகரத்துல இருந்து கிளம்பிடுங்க, மார்த்தாண்டம் ரோடு அந்த நேரம் ரொம்ப நெருக்கும்.